வாடிப்பட்டியில் பெட்டி, கமுதியில் பால்

எனக்கு இரண்டு பிழைப்பு. இரண்டுமே குளிர வைப்பதுதான்.

சம்பளத்துக்குப் பார்ப்பது பால் கூலர் பழுது. கிராமத்துப் பால் நிலையங்களில் பெரிய எவர்சில்வர் தொட்டி ஒன்று இருக்கும். காலையும் மாலையும் மாட்டுக்காரர்கள் கொண்டுவந்து ஊற்றும் பாலை, டேங்கர் லாரி வரும்வரை கெடாமல் வைத்திருப்பது அதன் வேலை. அது நின்றால் என்னைக் கூப்பிடுவார்கள். திண்டுக்கல்லிலிருந்து ராமநாதபுரம் வரை எங்கே நின்றாலும் நான்தான் போகவேண்டும். சொந்தத் தொழில், ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுவது. இறந்தவரை அடக்கம் வரை வைத்திருக்கிற கண்ணாடிப் பெட்டி. கொரோனா ஓய்ந்த மறு வருஷம், ஓடாமல் கிடந்த பெட்டி ஒன்றை வாங்கி நானே சரிசெய்தேன். அடுத்த ஆடியில் இரண்டாவது வந்தது. மனைவி வீட்டில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால், பழங்காநத்தத்தில் ஒரு மரக்கடையின் பின்புறக் கொட்டகையில் இரண்டும் இருக்கின்றன. மனைவியின் தம்பி லோடு ஆட்டோ வைத்திருக்கிறான். கொண்டுபோய் இறக்குவதும் கழுவித் திரும்பக் கொண்டுவருவதும் அவன் பொறுப்பு. அவனை நான் மாப்ள என்பேன், அவன் என்னை மச்சான் என்பான். தொழிலிலும் அந்த முறைதான்.

கம்பெனி வேலைக்குப் பயணத் திட்டம் உண்டு. சனிக்கிழமையே அடுத்த வாரம் எந்த ஊர் என்று வந்துவிடும். பெட்டிக்கு அப்படி எதுவும் கிடையாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டே வாழ்கிறேன். பழைய ஊர்க் குறிப்புகளையும் கல்வெட்டுத் தொகுப்புகளையும் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. இறந்த நாள் அவற்றில் இருக்கும். யாருக்காக எவ்வளவு நேரம் காத்திருந்து எடுத்தார்கள் என்பது இருக்காது. காத்திருக்க வழியே இல்லாத காலம் அது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை வந்து முகம் பார்க்கட்டும் என்று ஒரு வீடே உட்கார்ந்திருப்பது எங்கள் காலத்துப் பழக்கம். பெட்டி வந்ததால் வந்த பழக்கம்.

நான் சொல்லவருவது ஒரு வைகாசி வெள்ளிக்கிழமை. மாப்ள இதை ஆனி என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். தவறு. ஆனி பிறக்க இன்னும் நாள் இருந்தது. காற்று எடுக்கவில்லை, வெயில் அப்படியே நின்றது.

அன்று விடிந்ததும் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து போன் வந்தது. விவசாயக் குடும்பம். அந்த வீட்டு அம்மா இறந்துவிட்டார். ஒரே மகன் சவூதியில். டிக்கெட் கிடைத்து, துபாயில் விமானம் மாறி, மறுநாள் சனிக்கிழமை காலைதான் மதுரையில் இறங்குவார். அதுவரை அம்மாவின் முகம் கெடாமல் இருக்கவேண்டும். இறந்த அம்மாவின் கணவர்தான் பேசினார். வேறு எதையும் கேட்கவில்லை. "பய வந்து பாக்குற மாதிரி இருக்குமா தம்பி?" என்றார். இருக்கும் என்றேன்.

அந்த ஒரு சொல்தான் அன்று முழுக்க என்னை ஆட்டிவைத்தது.

பெட்டியை நானும் மாப்ளயும் கொண்டுபோனோம். முன்கூடத்தில் வைத்து, ஸ்டெபிலைசரை மாட்டி, மீட்டரில் குளிர் இரண்டு டிகிரிக்கு இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். பெட்டியின் கால்மாட்டில் சல்லடை போல ஒரு தகடு உண்டு. உள்ளே இருக்கும் மோட்டார் தன் சூட்டை அந்த வழியாகத்தான் வெளியே தள்ளும். அதைச் சுவருக்கு ஒட்டாமல் தள்ளி வைத்தேன். மாப்ளயை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, பஸ் பிடித்து மாட்டுத்தாவணி வந்தேன். கமுதிப் பக்கம் ஒரு பால் நிலையத்தில் கூலர் முந்தின நாளே நின்றுபோயிருந்தது. காலைப் பாலை ஐஸ் கட்டி போட்டுச் சமாளித்து அனுப்பியிருந்தார்கள். மாலைப் பால் வருவதற்குள் ஓடியாக வேண்டும்.

பஸ் அருப்புக்கோட்டை தாண்டும் முன்பே கம்பெனி மேனேஜர் போனில் இரண்டு முறை பேசிவிட்டார். அவர் என்னைவிட வயதில் சின்னவர், மரியாதையாகவே பேசுவார், அதனால் அவர் சொல்வது கூடுதலாக உறைக்கும். அடுத்த மாதத்திலிருந்து மாதத்தில் பாதி நாள் வெளியூரில் தங்கவேண்டியிருக்கும், முடியாதென்றால் எழுதிக் கொடுத்துவிடலாம், வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். கடைசியில், "உங்களுக்கு வெளியில ஏதோ பிசினஸ் இருக்குன்னு கேள்விப்பட்டேன் சார்" என்றார். என்ன பிசினஸ் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மகள் பாலிடெக்னிக் முதல் வருஷம் சேர்ந்த நேரம். சம்பளத்தை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் நம்பி உட்கார முடியாது. ஊரில் சாவு குறைந்தால் வருத்தப்படுகிற ஆளாக நான் ஆகிவிடக் கூடாது என்பதும் ஒரு காரணம்.

கூலரில் செம்புக் குழாயின் இணைப்பு ஒன்று விரிந்து கேஸ் முழுக்க வெளியேறியிருந்தது. பற்றவைக்க வேண்டும், குழாய்க்குள் இருக்கும் காற்றைப் பம்பு வைத்து உறிஞ்ச வேண்டும், அப்புறம்தான் புது கேஸ். நடுவில் விட்டுவிட்டு எழுந்தால் செய்ததெல்லாம் வீண். பற்றவைத்து முடித்து, பம்பை ஓட்டிவிட்டு, நிலையத்தின் செயலாளர் வாங்கிவந்த தக்காளிச் சாதப் பொட்டலத்தைப் பிரித்தபோது மாப்ள கூப்பிட்டான்.

"மச்சான், ஒம்பதுன்னு காட்டுது. நீங்க போறப்ப ரெண்டுல நின்னுச்சு."

கரண்ட் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது. ஸ்டெபிலைசரில் பச்சை விளக்கு எரிகிறது. மூடியை யாராவது திறந்துவைத்திருக்கிறார்களா? இல்லை. மோட்டார் ஓடுகிறதா என்றால், கொஞ்ச நேரம் ஓடுகிறது, டக்கென்று நிற்கிறது, ரொம்ப நேரம் கழித்து மறுபடி ஓடுகிறது என்றான். சூடு தாங்காமல் தானே நிற்கிறது என்று புரிந்துவிட்டது. ஏன் சூடாகிறது என்பதுதான் புரியவில்லை. யாருக்கும் தெரியாமல் கால்மாட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன்.

போட்டோவைப் பார்த்ததும் சோற்றுப் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டேன்.

சல்லடைத் தகடே தெரியவில்லை. அரக்கு நிறத்தில் சரிகை போட்ட பட்டுச்சேலை ஒன்று கண்ணாடியின் பாதியிலிருந்து கால்மாட்டு வழியாகத் தரைவரை தொங்கியது. அதன்மேல் ஆள் உயர ரோஜா மாலை இரண்டு. பிறந்த வீட்டுக் கோடி. கல்யாணமான பெண் இறந்தால் அவள் உடன்பிறந்தவர்கள் புதுச் சேலையும் மாலையும் கொண்டுவந்து போடுவது எங்கள் பக்கத்தில் விட முடியாத முறை. வந்து போட்டவர்கள் சோழவந்தான் பக்கத்துத் தோப்புக்காரர்கள், அந்த அம்மாவின் அண்ணன் தம்பிகள். கொட்டு மேளத்தோடு வந்து, எல்லோரும் பார்க்கத் தங்கள் கையாலேயே விரித்துவிட்டிருக்கிறார்கள்.

அதை ஒதுக்கிப் போடச் சொன்னேன். மாப்ள குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டான்.

"நீங்க வேற மச்சான். ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லையாம். பேரன் காதுகுத்துல மாமன்காரனுகள சரியா மதிக்கலன்னு அன்னிக்குப் போனவங்க, இன்னிக்குத்தான் இந்த வாசப்படிய மிதிச்சிருக்காங்க. அந்தச் சேலைல எவனாச்சும் கைய வச்சா எந்திரிச்சுப் போயிருவாங்க. நான் வச்சா, என்னையவும் பெட்டிக்குள்ள போட்டுட்டுத்தான் போவாங்க."

கணவர் வீட்டாரில் யாரிடமாவது பக்குவமாகச் சொல்லச் சொன்னேன். அதையும் அவன் முயன்றிருந்தான். இறந்தவரின் கொழுந்தனிடம் போய், அண்ணே மிஷினுக்குக் காத்து வேணும் என்று தொடங்கியிருக்கிறான். அவர் முகம் வெளிறிப்போய், தயவுசெய்து இதை வெளியே சொல்லிவிடாதே தம்பி என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். காரணம் இருந்தது. சோழவந்தான் மைத்துனர்கள் வந்ததிலிருந்தே ஒவ்வொன்றிலும் குறை தேடிக்கொண்டிருந்தார்கள். பந்தல் சின்னது, நாற்காலி பத்தவில்லை, ஆஸ்பத்திரிக்கு முன்னமே கொண்டுபோகவில்லை. இதில் பெட்டி நின்று நின்று ஓடுகிறது என்று தெரிந்தால், எங்கள் தங்கச்சிக்கு ஓட்டைப் பெட்டியைப் பிடித்துவந்து போட்டீர்களா என்று அந்த இடத்திலேயே ஆரம்பித்துவிடுவார்கள். கோடி போட்ட பிறந்த வீடு சண்டை போட்டு எழுந்துபோனால், மகன் வந்து இறங்குகிறபோது தாய்மாமன்கள் இல்லாத கேதமாக இருக்கும்.

ஆக, சேலை அப்படியே இருந்தால் முகம் கெடும். எடுத்தால் வீடு உடையும்.

கோரிப்பாளையத்தில் பெரியாஸ்பத்திரிப் பக்கம் பெட்டி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். தொழிலில் எனக்கு முந்தியவர். அவரைக் கூப்பிட்டேன். அவருடைய பெட்டிகள் எல்லாம் வெளியே இருந்தன. ஒன்று பொழுது சாய வரும், வந்தாலும் கழுவாமல் தரமாட்டேன் தம்பி என்றார். எங்களுடைய இன்னொரு பெட்டி திருப்புவனத்தில் ஒரு வீட்டில் இருந்தது. அப்படியே ஒன்று கிடைத்தாலும், அத்தனை பேர் பார்க்க உடலை ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குத் தூக்கி மாற்றுவதை நினைத்துப்பார்க்க முடியவில்லை.

நானே கிளம்பிவிடலாமா என்று நிலையத்தின் வாசலுக்கு வந்தேன். சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு ஒருவர் அப்போதே வந்து, வேப்பமர நிழலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். மாலைப் பாலுக்கு அவ்வளவு முன்னதாக ஏன் வந்தார் என்று செயலாளரைக் கேட்டேன். நேற்றுப் பால் திரும்பிவிட்டதாம். இன்றும் திரும்பினால் வீட்டுக்குப் போக முடியாது என்று வந்து உட்கார்ந்திருக்கிறார் என்றார். உள்ளே பம்பு ஓடிக்கொண்டிருந்தது. நான் கிளம்பினாலும் வாடிப்பட்டி போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிடும். போய் நின்றாலும் பெட்டிக்காரன்தானே. மாப்ளயால் தொட முடியாத சேலையை நான் எப்படித் தொடுவது?

அப்போதுதான் வீட்டுக்குப் போன் போட்டேன். யோசனை கேட்பதற்காக அல்ல. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். சேலை எந்தப் பக்கம் கிடக்கிறது என்றாள். கால்மாட்டில் என்றேன். சோழவந்தானில் எந்தத் தெரு ஆட்கள் என்றாள். தெரியாது, அவளுடைய தம்பியைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.

"நீங்க பால விட்டுட்டு வந்துராதீங்க. நான் போறேன்," என்றாள்.

போய் என்ன செய்வாய் என்று கேட்டேன். அதைப் போய்த்தான் பார்க்கணும் என்று வைத்துவிட்டாள். என் மனைவி கேத வீட்டுக்குப் போனால் குளிக்காமல் அடுப்படிக்குள் நுழையாதவள். ஐஸ் பெட்டி என்ற வார்த்தையைக்கூட வீட்டில் சொல்லமாட்டாள், 'உங்க சாமான்' என்பாள். இனி நான் எழுதுவது அவளும் மாப்ளயும் பிறகு சொன்னது. இரண்டு பேர் சொன்னதும் பெரும்பாலும் ஒத்துப்போகிறது.

பழங்காநத்தத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் ஆரப்பாளையம், அங்கிருந்து வாடிப்பட்டி பஸ். மாலை எதுவும் வாங்கவில்லை, பெட்டிமேல் இன்னும் ஒன்று ஏறும் என்பதால். பந்தலுக்கு வந்தவள் தம்பியைப் பார்த்ததாகக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. நேராக உள்ளே போய், பெண்களின் கைகளைப் பிடித்து, அவர்களோடு உட்கார்ந்து அழுதாள். யார் எவர் என்று யாரும் கேட்கவில்லை. கேத வீட்டில் அழுகிற பெண்ணை யாரும் கேட்பதில்லை. அழுதது நடிப்பா என்று பின்னால் நான் கேட்டபோது முறைத்தாள். முகத்தைப் பார்த்தபிறகு அழுகை தானாக வந்தது என்றாள். உட்கார்ந்த இடத்திலிருந்து எண் தெரிந்தது. அது பதின்மூன்றுக்கு ஏறியிருந்தது. கண்ணாடியின் உள்பக்கம் வியர்க்க ஆரம்பித்திருந்தது.

அவளுடைய அத்தை ஒருத்தியைச் சோழவந்தானில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தெருப்பேரை வைத்துப் பேச்சை ஆரம்பித்து, மைத்துனர் வீட்டுப் பெண்கள் இருவரோடு ஒட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, பந்தலில் துண்டைத் தலையில் போட்டு உட்கார்ந்திருந்த, அண்ணன் தம்பிகளில் மூத்தவர் முன்னால் போய் நின்றாள். கூட அந்த இரண்டு பெண்களும் நின்றார்கள்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. அம்புட்டு நல்ல சேலை எடுத்துட்டு வந்து கால்மாட்டுல கெடக்கு. பொறந்த வீட்டுக் கோடி நெஞ்சுக்கு நேரா இருந்தாத்தானே நாளைக்கு மகன் வந்ததும் கண்ணுல படும்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். மாப்ள பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றானாம், ஓடத் தயாராக.

"யாரு கால்மாட்டுல போட்டது?" என்றார் மூத்தவர்.

போட்டது அவரேதான். வந்த வேகத்தில், அழுகையில், கை போன இடத்தில் விரித்திருக்கிறார். அவருடைய மனைவிதான் மெதுவாகச் சொன்னாள், நீங்கதானய்யா போட்டீங்க என்று. அப்புறம் அவர் எழுந்தார். தம்பிகளும் எழுந்தார்கள். உள்ளே போய் மாலைகளைத் தூக்கித் தலைமாட்டில் வைத்தார்கள். சேலையைச் சுருக்கம் இல்லாமல் நான்காக மடித்து, கண்ணாடியின் மேல், தங்கையின் நெஞ்சுக்கு நேரே விரித்தார்கள். கொழுந்தன் அங்கேதான் நின்றார். சேலையின் ஒரு நுனி சரிந்தபோது, அறியாமல் கையை நீட்டிப் பிடித்துவிட்டார். மூத்தவர் அந்தக் கையைப் பார்த்தார். "நல்லா இழுத்துப் புடி," என்றார்.

கமுதியில் எனக்கு இது எதுவும் தெரியாது. பம்பை நிறுத்தி, கேஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். போன் கூலரின் மூடிமேல் இருந்தது. கேத வீட்டில் உட்கார்ந்து பேச முடியாது என்பதால் மனைவி வெறும் எண்ணாக அனுப்பினாள். முதலில் 13. வெகுநேரம் கழித்து மறுபடி 13. ஏறவில்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. மோட்டார் ஆறினால்தான் ஓட ஆரம்பிக்கும், அதை யாராலும் அவசரப்படுத்த முடியாது. கூலரை ஓடவிட்டேன். தொட்டியின் அடித்தகட்டில் கையை வைத்துக் குளிர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது 12 வந்தது. வாசலில் கேன்கள் வரிசை கட்டிவிட்டன. முன்னமே வந்து உட்கார்ந்திருந்தவர் முதலில் ஊற்றினார். ஊற்றிவிட்டு என்னிடம், "ஏண்ணே, பால் கூலுதா, போன் கூலுதா? ரெண்டையும் மாத்தி மாத்தித் தொட்டுப் பாக்குறீகளே," என்றார். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போது 9 வந்திருந்தது.

மறுநாள் காலை நான் வாடிப்பட்டி போனபோது பெட்டி பழையபடி இரண்டில் நின்றது. மனைவி முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பியிருந்தாள். அன்றும் என்னோடு வந்தாள். வர வேண்டிய அவசியமில்லை என்றேன். மகன் வருகிறபோது நான் இருக்கணும் என்றாள். பஸ்ஸில் மேனேஜர் கூப்பிட்டார். கமுதி நன்றாக ஓடுவதாகச் செயலாளர் சொன்னாராம். திங்கட்கிழமை ராமநாதபுரம், மூன்று நாள் தங்கல், முடியுமா என்றார். முடியும் சார் என்றேன். பக்கத்தில் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், சமயநல்லூர் தாண்டும்வரை.

மகன் விமான நிலையத்திலிருந்து நேராக வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சட்டையெல்லாம் கசங்கி, முதுகில் பையோடு இறங்கினார். மாமன்கள் ஒரு பக்கமும் சித்தப்பா ஒரு பக்கமும் பிடித்து உள்ளே கூட்டிவந்தார்கள். அரக்குச் சேலையை மூத்த மாமன் தன் கையாலேயே விலக்கினார். மகன் கண்ணாடி வழியாகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அது எனக்குத் தெரியும், இருந்தாலும் அவர் பார்த்து முடிக்கும்வரை நான் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு மூடியைத் திறக்கச் சொன்னார். நானும் மாப்ளயும் தூக்கினோம். அவர் குனிந்து அம்மாவின் கன்னத்தைத் தொட்டார், தொட்டவுடன் கையை எடுத்துவிட்டார்.

"இம்புட்டுச் சில்லுன்னு இருக்கே," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பெட்டிக்காரன் நான்தான் என்று எப்படியோ கண்டுகொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "எங்கம்மாவுக்குக் குளிரே ஆகாதுண்ணே. சித்திரையில கூட காத்தாடி போட விடாது. இத நிப்பாட்டிருங்க."

நான் மூத்த மாமனைப் பார்த்தேன். எடுப்பதற்கு இன்னும் இரண்டு மணி நேரமாவது இருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. திறந்த மூடியோடு மோட்டாரையும் நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குக் கணக்குத் தெரியும். அது தாங்கும், தாங்குகிற அளவுக்கு ஒருநாள் முழுக்கக் குளிர் ஊறியிருந்தது. மூத்தவர் ஆகட்டும் என்று தலையை அசைத்தார். அப்பாவும் அசைத்தார்.

சுவிட்சை நான்தான் அணைத்தேன். மோட்டார் ஒரு உதறலோடு நின்றது. மகன் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கி, அம்மாவின் இரண்டு கன்னங்களிலும் வைத்தார். இந்தமுறை எடுக்கவில்லை. மாப்ள மூடியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றான். நான் இன்னொரு பக்கம் பிடித்துக்கொண்டேன்.